பெல்ட் கத்தினால் டென்ஷனரைப் பாருங்கள்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்று மாடு கட்டிய வீட்டு வாசலிலேயே காரும் நிற்கிறது. பெரும்பாலும் இரண்டாம் கையாக வாங்கிய டீசல் கார். திருமணத்துக்கும் மருத்துவமனைக்கும் போவது அதில்தான். பூச்சிமருந்து, விதை மணிலா, தீவனம், பால் கேன் எல்லாம் ஏறுவதும் அதில்தான். டிராக்டருக்கு ஆயில் மாற்றவும், மோட்டார் பம்புக்கு பேரிங் போடவும் தெரிந்த நம் விவசாயிகள் காரின் முன்மூடியைத் திறக்க மட்டும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எல்லா இடத்திலும் தேவையில்லை. எஞ்சினின் முன்புறம் ஓடும் வெளிப் பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் வீட்டிலேயே சோதித்து மாற்றக்கூடிய பாகங்கள்.

போளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பயிற்சி முகாம் ஒன்றில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "ஐயா, ஒரே வருஷத்துல மூணு பெல்ட் மாத்திட்டேன். இப்ப வர்ற பெல்ட்டே சரியில்லை" என்றார். "டென்ஷனரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "அது சுத்திக்கிட்டுதானே இருக்கு?" என்றார்.

அடுத்த மாதம் புளி வாங்கிவர ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது நான்காவது பெல்ட்டும் கழன்றது. பேட்டரி விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினார். அவருடைய எஞ்சினில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றியது. சூடு முள் மேலேறி, எஞ்சின் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்தது. டென்ஷனரின் விலையைப்போலப் பல மடங்கு பணம் ஒர்க்‌ஷாப்பில் போயிற்று. அவர் வாங்கிய பெல்ட்டுகளில் குறை இல்லை. அவற்றைப் பிடித்திருந்த கைதான் தளர்ந்துபோயிருந்தது.

டென்ஷனர் என்பது என்ன?

பழைய ஆயில் எஞ்சின் பம்புசெட்டை நினைத்துப் பாருங்கள். பட்டைப் பெல்ட் தளர்ந்தால் எஞ்சினின் அடி போல்ட்டுகளை இளக்கி, எஞ்சினையே சற்றுப் பின்னுக்குத் தள்ளி மீண்டும் இறுக்குவோம். அம்பாசடர் காரிலும், பல டிராக்டர்களிலும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரைத் தாங்கும் நீளத் துளையிட்ட பட்டையில் அதே வேலை நடந்தது. போல்ட்டை இளக்கி, ஆல்டர்னேட்டரை வெளியே நெம்பிப் பிடித்து, மீண்டும் முடுக்க வேண்டும். பெல்ட் நீண்டு தளரத் தளர நாம்தான் கவனித்து இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பெல்ட்டின் வடிவமும் மாறி வந்திருக்கிறது. பட்டைப் பெல்ட்டுக்குப் பதிலாக, கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போலச் சிக்கிக்கொள்ளும் வி பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் உருவாக்கினார். மதுரையில் ஃபென்னர் ஆலையில் செய்யும் வி பெல்ட்டுகள் நம் பம்புசெட்டுகளுக்கும் கடலை உடைக்கும் இயந்திரங்களுக்கும் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. இன்றைய கார்களில் ஓடுவது இதன் அடுத்த தலைமுறை. அகலமான மெல்லிய பட்டையின் உட்புறத்தில் நான்கு, ஐந்து, ஆறு என்று சிறு சிறு வி வரிகள் நீளவாக்கில் இருக்கும். ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர், ஸ்டீயரிங் பம்ப், சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்ப் ஆகிய அனைத்தையும் இந்த ஒரே பெல்ட் வளைந்து நெளிந்து சென்று சுழற்றுகிறது.

இந்தப் பெல்ட்டை எப்போதும் ஒரே இறுக்கத்தில் வைப்பதே தானியங்கி டென்ஷனரின் வேலை. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. ஒன்று, உள்ளே அடைபட்ட வலுவான ஸ்பிரிங். இரண்டு, அந்த ஸ்பிரிங்கால் தள்ளப்படும் கை. மூன்று, கையின் நுனியில் பேரிங்கின் மேல் சுழலும் கப்பி. ஏ.சி. கம்ப்ரசர் சேரும்போதும் விடுபடும்போதும் பெல்ட்டில் விழும் உதைப்பை இந்தக் கை வாங்கிக்கொள்கிறது. கை அளவுக்கு மீறி ஆடாமலிருக்க உள்ளே உராய்வுப் புஷ் ஒன்றும் இருக்கும்.

ஏன் தேய்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சினின் கிராங்க் கப்பி 150 மில்லிமீட்டர் விட்டமும், டென்ஷனர் கப்பி 75 மில்லிமீட்டர் விட்டமும் உள்ளதாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடினால் டென்ஷனர் கப்பி 5,000 சுற்று ஓடும். ஒரு மணி நேரத்தில் 3 லட்சம் சுற்று! அந்த பேரிங்கில் கிரீஸ் ஆலையில் ஒருமுறை அடைத்ததோடு சரி. பிறகு போட வழியில்லை.

நம் பகுதியில் இதற்கு மேலும் சோதனைகள் உண்டு. செம்மண் புழுதியும் மணிலாத் தோலின் தூளும் கப்பிகளில் படிகின்றன. கோடை வெப்பம் கிரீஸை இளக்குகிறது. பௌர்ணமி நாட்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய சாலைகளில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது ஏ.சி. மாறி மாறிச் சேர்ந்து விடுபட, டென்ஷனர் கை ஓய்வின்றி அசைகிறது. காலப்போக்கில் ஸ்பிரிங் வலுவிழக்கிறது, புஷ் தேய்கிறது, பேரிங் வறண்டுபோகிறது. தளர்ந்த பெல்ட் வழுக்குகிறது. வழுக்கும் இடத்தில் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் புதுப் பெல்ட்டும் விரைவில் பளபளத்து இறுகிவிடுகிறது. பெல்ட்டை மட்டும் மாற்றுவது, வேரழுகல் கண்ட செடிக்கு இலையில் மருந்து தெளிப்பதைப் போன்றது.

அறிகுறிகள்

1. காலையில் வண்டியைக் கிளப்பியதும், அல்லது ஏ.சி. போட்டதும் கீச்சென்று சத்தம் வருதல்.

2. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டென்ஷனர் கை கண்ணுக்குத் தெரியும்படி படபடவென்று ஆடுதல். லேசான அசைவு இயல்பானது. படபடப்பு இயல்பானதன்று.

3. உறுமல் அல்லது கரகரப்பு ஓசை. இது பேரிங் போனதன் அடையாளம்.

4. பெல்ட்டின் ஓரம் பிய்ந்து நூல் தெரிதல், அல்லது பெல்ட் கப்பியின் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுதல். புஷ் தேய்ந்து கை சாய்ந்துவிட்டால் இப்படி ஆகும்.

5. பேட்டரி விளக்கு விட்டுவிட்டு எரிதல்.

சத்தத்தின் காரணத்தைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது, ஒரு கை தூரத்தில் நின்று, தெளிப்பான் குப்பியால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சத்தம் நின்று சற்று நேரத்தில் மீண்டும் வந்தால் ஏதோ ஒரு கப்பி நேர்க்கோட்டில் இல்லை. இரண்டு நிலையிலும் டென்ஷனரைச் சந்தேகிக்க வேண்டும்.

பெல்ட்டில் வெடிப்பு இல்லையே என்று ஏமாறக்கூடாது. பழைய ரப்பர் பெல்ட்டுகள் தேய்ந்தால் வெடிப்பு காட்டும். இப்போது வரும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் வெடிக்காமலே டயரைப்போலத் தேய்ந்து வரிகளின் ஆழம் மாறிவிடும்.

எந்தப் பெல்ட் என்பதை முதலில் அறியுங்கள்

இது மிக முக்கியம். பல எஞ்சின்களில் இரண்டு பெல்ட்டுகள் உண்டு. இங்கு கூறப்படுவது வெளியே கண்ணுக்குத் தெரியும் வரிப் பெல்ட். மற்றொன்று மூடிக்குள் மறைந்திருக்கும் பற்கள் உள்ள டைமிங் பெல்ட். இது கிராங்கையும் வால்வுகளை இயக்கும் தண்டையும் ஒரே தாளத்தில் சுழலச் செய்வது. இதற்கும் தனியாக ஒரு டென்ஷனர் உண்டு. இதில் ஒரு பல் தவறினாலே ஓட்டம் கெடும். மேலும் தவறினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து நொறுக்கிவிடும். டைமிங் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் வீட்டில் தொட வேண்டாம். உரிய கருவியுள்ள ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

சில கார்களில் வெளிப் பெல்ட்டுக்கும் தானியங்கி டென்ஷனர் இராது. திருகு போல்ட்டால் இறுக்கும் அமைப்போ, தானே இழுபட்டுப் பிடிக்கும் பெல்ட்டோ இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

தேவையானவை

வண்டியின் மாடலுக்கும் எஞ்சின் எண்ணுக்கும் பொருந்தும் புது டென்ஷனர், புது பெல்ட், 13 முதல் 19 மில்லிமீட்டர் வரை ரிங் ஸ்பானர்கள், சாக்கெட் செட், நீளப் பிடியுள்ள ஸ்பானர், முடுக்கு அளவு காட்டும் டார்க் ஸ்பானர், ஜாக்கி, தாங்கும் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, நல்ல வெளிச்சம்.

பெல்ட்டின் முதுகில் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எடுத்துக்காட்டாக 6பிகே1750 என்றிருந்தால் ஆறு வரி, நீளம் 1,750 மில்லிமீட்டர் என்று பொருள். நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் டென்ஷனர் கை தன் எல்லைக்கு வெளியே போய்விடும்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருக்கவும். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளவும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பின்னும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

2. பெல்ட் எந்தெந்தக் கப்பியின் மேலும் கீழும் செல்கிறது என்று தாளில் வரைந்துகொள்ளவும், அல்லது செல்போனில் படம் எடுக்கவும். இதை விட்டவர்கள் பெல்ட்டைத் திரும்பப் போடத் தெரியாமல் அரை நாள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. சில வண்டிகளில் முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் கை நுழையும். அப்படியானால் மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஸ்டாண்டின் மேல் நிறுத்தவும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது. செங்கல், கருங்கல் அடுக்கவும் கூடாது.

4. டென்ஷனர் கையில் ஸ்பானர் பிடிக்கும் அறுகோண முனையோ, சதுரத் துளையோ இருக்கும். அதில் நீளப் பிடியைப் பொருத்தி, ஸ்பிரிங்கை எதிர்த்து மெதுவாகத் திருப்பவும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கையேட்டில் பார்க்கவும். பெல்ட் தளர்ந்ததும், வரியில்லாத வழுவழுப்பான கப்பி ஒன்றிலிருந்து அதை நழுவ விடவும். பிறகு பிடியை மெதுவாகத் திரும்ப விட வேண்டும். சட்டென்று விட்டால் ஸ்பானர் விரலை நசுக்கிவிடும்.

5. இப்போது எல்லாக் கப்பிகளையும் கையால் சுழற்றிப் பார்க்கவும். நல்ல பேரிங் சத்தமின்றி, சிறு கனத்துடன் சுழலும். கரகரத்தாலோ, வறண்ட ஓசையுடன் நெடுநேரம் சுழன்றுகொண்டிருந்தாலோ அந்த பேரிங் முடிந்துவிட்டது. தண்ணீர்ப் பம்பின் அடியில் கசிவுக் கறை உள்ளதா என்றும் பார்க்கவும். ஆயில் கசிவோ தண்ணீர்க் கசிவோ இருந்தால் அதை முதலில் சரி செய்யாமல் புதுப் பெல்ட் போடுவது வீண்.

6. டென்ஷனரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றவும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடவும். கையின் வளைவு, கப்பியின் அகலம், பின்புறமுள்ள சிறு முளை ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும்.

7. எஞ்சினில் டென்ஷனர் அமரும் இடத்தைத் துடைக்கவும். பின்முளையை அதற்குரிய குழியில் சரியாக அமர்த்தவும். முளை உட்காராமல் போல்ட்டை முடுக்கினால் டென்ஷனர் உடையும், அல்லது கோணலாகி பெல்ட்டைத் தின்னும். போல்ட்டை முதலில் விரலாலேயே பல சுற்று ஏற்றி, பிறகு கையேட்டில் கூறிய அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்கவும். அலுமினிய எஞ்சினில் அளவு மீறி முடுக்கினால் மரை அறுந்துவிடும்.

8. வரைந்த படத்தின்படி பெல்ட்டைப் போட்டு, டென்ஷனரைத் திருப்பி, கடைசிக் கப்பியில் ஏற்றவும். ஒவ்வொரு கப்பியிலும் எல்லா வரிகளும் பள்ளங்களில் அமர்ந்துள்ளனவா என்று விரலால் தடவிப் பார்க்கவும். ஒரு வரி வெளியே நின்றால் சில நிமிடங்களில் பெல்ட் பிய்ந்துவிடும்.

9. கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பானர் கொடுத்து, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையில் இரண்டு சுற்று கையால் சுழற்றவும். பெல்ட் நகராமல் நேராக ஓடினால் ஸ்பானரை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைத்து, சில விநாடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டி நிறுத்தவும். மீண்டும் வரிகளைச் சோதிக்கவும். பல டென்ஷனர்களில் ஒரு குறிமுள்ளும் இரண்டு எல்லைக் கோடுகளும் உண்டு. முள் இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

பழைய பட்டைப் பெல்ட் வழுக்கினால் ரோசினைப் பொடித்துத் தூவுவது நம் பக்கத்துப் பழக்கம். வரிப் பெல்ட்டில் ரோசின், சோப்பு, மெழுகு, கிரீஸ் எதையும் போடாதீர்கள். சத்தம் சில நாள் அடங்கும். தூசி ஒட்டிக்கொண்டு பெல்ட் கெடும். நோய் மறைந்து முற்றும்.

பேரிங்கை மட்டும் மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். பல கப்பிகளில் 17 மில்லிமீட்டர் துளையுள்ள 6203 பேரிங்தான் இருக்கிறது. சிறு மோட்டார்களில் போடுவதும் அந்த அளவுதான். ஆனால் மோட்டாருக்கான சாதாரண பேரிங் எஞ்சின் சூட்டையும் வேகத்தையும் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. மேலும் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் பேரிங் மாற்றியும் பயனில்லை. வழியில் அவசரத்துக்கு உதவலாம். வீடு வந்ததும் முழு டென்ஷனரை மாற்றிவிட வேண்டும்.

ஓடும் எஞ்சினில் கை வைக்காதீர்கள். துண்டு, வேட்டி முனை, தொங்கும் சட்டைக் கை, புடவைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட் அருகே வரலாகாது. கதிரடிக்கும் இயந்திரங்களில் விவசாயத் தொழிலாளர்கள் கை இழந்த கொடுமையால் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே நாட்டில் வந்தது. கார் எஞ்சினின் பெல்ட்டும் அதே இரும்புப் பல்தான்.

டிராக்டருக்கும் இதே பாடம்

தானியங்கி டென்ஷனர் இல்லாத டிராக்டரிலும், கதிரடிக்கும் இயந்திரத்திலும், வி பெல்ட் பம்புசெட்டிலும் இறுக்கத்தை நாமே சோதிக்க வேண்டும். இரு கப்பிகளின் நடுவே பெல்ட்டை அழுத்தினால், ஒரு மீட்டர் இடைவெளிக்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் இறங்கலாம். அரை மீட்டருக்கு 8 மில்லிமீட்டர். அதற்கு மேல் இறங்கினால் தளர்வு. மிகக் குறைந்தால் பேரிங்குக்குக் கேடு. ஒரே கப்பியில் இரண்டு மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றாமல் அனைத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து அறுந்துவிடும்.

வழியில் பெல்ட் போய்விட்டால்

பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டீயரிங் கனத்து, சூடு முள் ஏறத் தொடங்கினால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற எண்ணமே எஞ்சினைக் கொல்வது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவும் கூடாது.

வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போதும், அதன்பின் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் டென்ஷனரைக் கையால் அசைத்துப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றினால் கப்பிகள் அனைத்தையும் சுழற்றிப் பாருங்கள். இதற்குச் செலவாவது அரை மணி நேரம். போளூர் விவசாயி இப்போது அப்படித்தான் செய்கிறார். முன்பு ஆண்டுக்கு மூன்று பெல்ட் மாற்றியவர், கடைசியாக என்னைச் சந்தித்தபோது, "போட்ட பெல்ட் இன்னும் சத்தமில்லாம ஓடுதுங்க ஐயா" என்றார். அறுவடைக்கு முன் டிராக்டரைச் சோதிப்பதுபோல், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் உங்கள் காரின் முன்மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.